எதிர்வீட்டுத் தூக்குப்போசி

தாயார் காலமாகி மூன்று மாதம் ஆகிவிட்டதென்றும், காரியம் முடியும் வரை இரண்டு வேளையும் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்த எதிர்வீட்டு அம்மாவின் தூக்குப்போசி இன்னும் உங்கள் சமையல் மேடையில் கழுவிக் கவிழ்த்தபடியே இருக்கிறதென்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவுக்கு அவரோடு மாலைவேளையில் பேச்சுத்துணை உண்டு. உங்களுக்கோ நான்கு ஆண்டுகளாக லிஃப்டில் பார்த்துச் சிரிப்பதற்கு மேல் பழக்கமில்லை. அப்படிப்பட்டவரின் பரிவு ஆறுதலாக இருந்தது, கூடப்பிறந்த அண்ணனின் பேச்சு முள்ளாகக் குத்தியது, இது சரிதானா என்று கேட்கிறீர்கள். பகலில் அந்த அம்மா சொன்ன எதற்கோ சிரித்துவிட்டு, இரவில் வெறும் கட்டிலைப் பார்த்ததும், சிரித்ததற்காகவே அழுததாகவும் சொல்கிறீர்கள். இவ்வளவுக்கும் என்ன கைம்மாறு செய்வது என்பது உங்கள் கடைசிக் கேள்வி. அம்மா போட்டுவைத்த நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியைத் திறக்கக் கை வரவில்லை என்று போகிறபோக்கில் ஒரு வரியும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் மதுரைப் பக்கம் செவிலியராக முப்பது ஆண்டு வேலை பார்த்தவள். அதில் கடைசிப் பன்னிரண்டு ஆண்டு, நோய் முற்றியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். நோயாளி இறந்த பிறகும் அந்த வீட்டுக்கு இரண்டு மூன்று முறையாவது போய்வருவது எங்கள் வேலையில் ஒரு பகுதி. ஆகவே துக்க வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்; 2011இல் என் கணவர் இறந்தபோது அந்த வீட்டுக்குள்ளேயும் உட்கார்ந்திருக்கிறேன்.

கைம்மாறு பற்றிய கேள்விதான் மற்றவற்றுக்கும் திறவுகோல் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நம் ஊர்களில் சாவு வீட்டுக்கென்று சில முறைகள் உண்டு. நெல்லைச் சீமையில் துட்டி என்பார்கள், மதுரை, சிவகங்கைப் பக்கம் கேதம் என்பார்கள், யாழ்ப்பாணத்தில் செத்தவீடு என்பார்கள். பெயர் எதுவானாலும், அந்த வீட்டுக்கு வருகிறவர்களை யாரும் “வாங்க” என்று கூப்பிடுவதில்லை. வந்தவர்களும் கிளம்பும்போது “போயிட்டு வர்றேன்” என்று சொல்வதில்லை. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார்கள். சாவு வீட்டிலிருந்து திரும்ப வருவதாகச் சொல்லக்கூடாது என்று பெரியவர்கள் இதற்குக் காரணம் சொல்வார்கள். காரணம் எதுவாகவும் இருக்கட்டும், இந்தப் பழக்கத்தால் நடக்கிற காரியத்தைப் பாருங்கள்: விருந்தோம்பலையே பெருமையாகக் கொண்ட ஒரு சமூகம், வருகிறவர்களுக்கு முகமலர்ச்சி காட்ட வேண்டும், உட்காரச் சொல்ல வேண்டும், வாசல் வரை வந்து வழியனுப்ப வேண்டும் என்ற கடமைகள் எல்லாவற்றையும் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் சில நாட்களுக்குத் தள்ளுபடி செய்துவிடுகிறது. நீங்கள் சுவரில் சாய்ந்தபடி இருக்கலாம், தலை வாராமல் இருக்கலாம், வந்தவரை நிமிர்ந்து பார்க்காமலும் இருக்கலாம். ஒருவரும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுப்பு மூட்டாத வழக்கமும் இதே வகைதான். பிணம் கிடக்கும் வரை வீட்டில் உலை வைப்பதில்லை. பல குடும்பங்களில் அதற்குப் பிறகும் சில நாட்கள் வைப்பதில்லை. பங்காளிகளுக்கும் தீட்டு உண்டு என்பதால் சோறு மாமன் மச்சான் வீட்டிலிருந்தோ அக்கம்பக்கத்திலிருந்தோதான் வந்தாக வேண்டும். தீட்டு என்ற சொல்லில் எனக்கு உடன்பாடு கிடையாது. அந்தச் சொல்லின் பெயரால் பெண்கள் பட்ட பாட்டை நேரில் கண்டவள் நான். ஆனால் துக்கத்தில் இருக்கிறவள் சமைக்கக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரி சமைத்துக் கொண்டுவர வேண்டும் என்று வகுத்தவர்களுக்கு மனித மனம் தெரிந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இது நமக்கு மட்டும் உரிய ஞானமும் அல்ல. கி.பி. 629இல் மூத்தா போரில் நபிகள் நாயகத்தின் ஒன்றுவிட்ட சகோதரர் ஜாஃபர் இறந்த செய்தி மதீனாவுக்கு எட்டியபோது, அவருடைய வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுங்கள், வேறெதையும் கவனிக்க முடியாத செய்தி அவர்களுக்கு வந்திருக்கிறது என்று நபிகள் நாயகம் சொன்னதாக ஹதீஸ் உண்டு. அதையொட்டி இன்றும் முஸ்லிம் தெருக்களில் சட்டி சட்டியாகச் சோறு மய்யித்து வீட்டுக்குப் போகும். யூதர்களிடையே அடக்கம் முடிந்து திரும்பியதும் உண்ணும் முதல் உணவு, அவித்த முட்டையும் பருப்பும் போன்றவை, அண்டை வீட்டார் கொண்டுவந்ததாக இருக்க வேண்டும். ஆறுதல் சொல்ல வந்தவர்கள், துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும் வரை தாமாகப் பேசவும் கூடாது.

இந்தக் கடைசி விதியை நம் ஆட்களுக்கும் சொல்லிக்கொடுத்தால் தேவலை என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

இனிக் கணக்கு விஷயம். கருமாதியன்று மாமன் வகையில் கட்டும் உருமால், சம்பந்தி வீட்டார் கொண்டுவரும் கோடித்துணி, பந்தலில் எழுதும் மொய் எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் ஏறும், ஏற வேண்டியவையும்கூட. அவை முறை, நாளைக்கு அவர்கள் வீட்டில் ஒன்று நடந்தால் நோட்டைப் புரட்டிப் பார்த்துத் திரும்பச் செய்தாக வேண்டும், செய்யாவிட்டால் உறவில் விரிசல் விழும். ஆனால் எந்த ஊரிலும், எந்த நோட்டிலும், “முதல் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு எதிர்வீட்டம்மா பிளாஸ்கில் காபி கொண்டுவந்தார்” என்று எழுதி நான் பார்த்ததில்லை. நீங்கள் வாங்கிக்கொண்டது எழுதப்படாத வகையைச் சேர்ந்தது. அதை எழுதும் வகையாக மாற்றப் பார்ப்பதால்தான் அந்தத் தூக்குப்போசி மூன்று மாதமாக மேடையிலேயே இருக்கிறது.

இதே தப்பை நான் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். என் கணவருக்குப் பதினாறு முடிந்து, வந்த சனமெல்லாம் ஊருக்குக் கிளம்பி, வீடு வெறிச்சென்று ஆன பிறகு ஒரு மத்தியானம் தெருக்கோடி வீட்டு அக்கா முறம் நிறைய முருங்கைக்கீரையோடு வந்தார். “எங்க வீட்டுல வெளிச்சம் பத்தலடி, கண்ணு தெரிய மாட்டேங்குது, செத்த கூட உக்காந்து ஆய்ஞ்சு குடு” என்றார். அவர் வீட்டில் வானம் பார்த்த முற்றம் உண்டு. எங்கள் தெருவிலேயே வெளிச்சமான வீடு அதுதான். எனக்கும் அது தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். முறத்தை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். என் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காம்பை உருவிப் போட்டபடி, மரத்தில் கம்பளிப்பூச்சி வந்ததையும் அதைப் பந்தம் கொளுத்திக் கருக்கியதையும் சொல்லிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் கழித்து என் கைகளைப் பார்த்தேன். இருபது நாளாக மடியிலேயே கிடந்த கைகள் ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தன, விரல் நுனியெல்லாம் பச்சை. கிளம்பும்போது ஆய்ந்த கீரையில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போனார். அன்று ராத்திரி எனக்கு மட்டும் என்று முதல் முறையாக அடுப்பைப் பற்றவைத்தேன்.

அதன் பிறகும் நாலைந்து முறை வந்தார். அந்த வருஷம் தீபாவளிக்கு ஒரு சுங்குடிச் சேலை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “என்னடி, கூலி குடுக்க வந்தியா?” என்றார். முகம் சிறுத்துவிட்டது. சேலையை வைத்துக்கொண்டார், ஆனால் கட்டி நான் பார்த்ததில்லை. சில வருஷம் கழித்து எங்கள் பகுதியில் ஒரு சின்னப் பெண் புருஷனைப் பறிகொடுத்தபோது, அந்த அக்காவைப் போலவே செய்யலாம் என்று ஒரு முறம் அவரைக்காயோடு நான் மூன்றாம் நாளே போய் நின்றேன். “எனக்கு முடியாதுக்கா” என்று கதவைச் சாத்திக்கொண்டது. கூட்டம் கலையாத நேரத்தில் போனது என் அவசரம். பரிவுக்கும் நாள் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த அக்காவின் கீரை என் துக்கத்தில் கடுகளவையும் குறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மற்றவர்களின் அன்பு துக்கத்தைக் குறைக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள், இரவில் அது அப்படியே திரும்பி வரும்போது, தங்களிடம்தான் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் வைஸ் 1973இல் தனிமையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். நம்மைச் சுற்றி மனிதர்கள் இல்லாத தனிமை ஒன்று. நமக்கென்று இருந்த அந்த ஒருவர் இல்லாத தனிமை இன்னொன்று. பின்னாளில் ஜெர்மனியில் துணையை இழந்தவர்களை உளவியலாளர்களான ஸ்ட்ரோபே தம்பதியரும் சக ஆய்வாளர்களும் ஆராய்ந்து 1996இல் வெளியிட்டபோது, உற்றார் நண்பர்களின் ஆதரவு முதல் வகைத் தனிமையைத் தணிக்கிறது, இரண்டாம் வகையை அது தொடுவதில்லை என்று கண்டார்கள். எதிர்வீட்டு அம்மாவின் சாம்பார் சாதம் உங்கள் அம்மாவின் இடத்தை நிரப்பவில்லை. நிரப்பாததால் அது வீணும் அல்ல. பகலில் ஆறுதலும் இரவில் வெறுமையுமாக இருப்பது, இரண்டு தனிமைகளில் ஒன்றுக்கு மட்டும் மருந்து கிடைத்திருப்பதன் அடையாளம்.

சிரித்ததற்காக அழுதீர்களே, அதற்கும் இதே ஆய்வாளர்களிடம் விளக்கம் இருக்கிறது. மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் இருவரும் 1999இல் முன்வைத்த கருத்துப்படி, துக்கத்தில் இருப்பவரின் மனம் ஊஞ்சல் போல இழப்பின் பக்கம் ஒருமுறை, வாழ்ந்தாக வேண்டிய அன்றாடத்தின் பக்கம் ஒருமுறை என்று போய்ப்போய் வரும். இந்த ஆட்டம்தான் ஆரோக்கியமானது. எப்போதும் அழுதுகொண்டே இருப்பதும், அழுகையே வராமல் வேலையில் மூழ்கிக்கிடப்பதும்தான் கவலைக்குரியவை. எங்கள் பக்கத்து ஒப்பாரி சொல்லும் பெண்களுக்கு இது எந்த ஆய்வும் இல்லாமலே தெரியும். தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்து நெஞ்சு வெடிக்க அழுதுவிட்டு, மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்த அடுத்த நிமிடம், “ஏத்தா, வெத்தலை இருக்கா?” என்று கேட்டு, செத்தவரைப் பற்றியே ஒரு கேலியும் பேசிச் சிரிப்பார்கள், அடுத்த ஆள் படியேறியதும் மறுபடி அழுகை. அந்த வட்டத்தில் அழுகிறவள் எல்லாரும் செத்தவருக்காக மட்டும் அழுவதும் இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் போன தன் தாயை ஒருத்தி அங்கே வந்து அழுது தீர்ப்பாள். உங்கள் எதிர்வீட்டு அம்மாவுக்கு உங்கள் தாயார் மாலைத் துணை என்று எழுதியிருக்கிறீர்கள். சோறு கொண்டுவந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரம் அவருக்கும் தேவைப்பட்டிருக்கலாம். இதை யோசித்துப் பார்த்தீர்களா?

அண்ணன் விஷயம். “எழுபத்தெட்டு வயசு, படுக்கையில கிடக்காமப் போய்ச் சேர்ந்தாங்க, இதைவிட நல்ல சாவு வேணுமா” என்று சொன்னாராம். வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்லும் வசனம்தான்; அண்ணன் வாயிலிருந்து வந்ததால்தான் குத்தியது. சூசன் சில்க் என்ற உளவியலாளர் 2013இல் ஒரு எளிய படத்தை முன்வைத்தார். ஒன்றுக்குள் ஒன்றாகச் சில வட்டங்கள் போட்டு, நடுவில் துன்பத்துக்கு ஆளானவரையும், அடுத்தடுத்த வட்டங்களில் நெருக்கத்தின் வரிசைப்படி மற்றவர்களையும் எழுதச் சொன்னார். ஆறுதல் வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். புலம்பல் உள்ளேயிருந்து வெளியே வர வேண்டும். உங்கள் அண்ணன் எந்த வட்டத்தில் இருக்கிறார் என்று பாருங்கள். நீங்கள் இருக்கும் அதே வட்டத்தில். அவருக்கும் அம்மா போய்விட்டார். நீரில் தத்தளிக்கும் ஒருவர் இன்னொருவரைக் கரையேற்ற முடியாது. “நல்ல சாவு” என்று அவர் உங்களுக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா என்பதே சந்தேகம். எதிர்வீட்டு அம்மா வெளிவட்டத்தில் நின்றார், அதனால் கை நீட்ட முடிந்தது. இதில் யாருக்குப் பாசம் அதிகம் என்ற ஒப்பீட்டுக்கே இடமில்லை. அண்ணன் வேண்டுமென்றே புண்படுத்துகிறவர் என்றால் அது வேறு கதை. நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

துக்கம் மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகளில் இறங்கும், நான் இன்னும் கோபப் படியில் நிற்கிறேனோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969இல் அந்த ஐந்தையும் சொன்னது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பார்த்து. உறவை இழந்தவர்களுக்கு அதை அட்டவணையாக மாட்டிவிட்டது பிற்பாடு நடந்தது. உங்களை அந்தப் படிகளில் தேட வேண்டாம்.

வரப்போகும் மாதங்களைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுகிறேன். பதினாறு நாள் வரை ஊர் நம்மைத் தாங்குகிறது. பிறகு தொலைபேசி அடங்கிவிடும். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய பாலியேட்டிவ் இயக்கம் பின்னர் அக்கம்பக்கத்து மக்களையே பயிற்றுவித்துத் தொண்டர்களாக்கியது; அவர்கள் நோயாளி இருக்கும்போது பழகிய வீடு என்பதால் இறந்த பிறகும் போய்வருகிறார்கள். நமக்கு எல்லா இடத்திலும் அப்படி வாய்ப்பதில்லை என்பதால், நீங்கள்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கும். “ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க” என்று சொன்னவர்கள் பலரும் மனதாரத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியாது, என்ன கேட்பதென்று உங்களுக்கும் தெரியாது. ஆகவே கைக்கு அடக்கமான வேலையாகக் கேளுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்திருந்தால், விசாரணைக்கு ஆள் வரும்போது கூட இருக்கச் சொல்லுங்கள். வங்கியில் அம்மாவின் கணக்கை முடிக்கப் போகும் அன்று ஒருவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள். இறப்புச் சான்றிதழைக் கவுண்டரில் நீட்டும் அந்த நொடிக்கு யாரும் தனியாகப் போகக் கூடாது என்பது என் அனுபவம். அம்மாவின் பீரோவைப் பிரிக்கும் வேலையை அண்ணியையோ ஒரு தோழியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மூன்று மாதத்தில் இரவில் அழுகை வருவது நோய் அல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கம் என்ற ஒன்று இப்போது இருக்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் திருத்தத்தில் அது சேர்ந்தது. ஆறு மாதம் கடந்த பின்னும், அவரவர் சமூக வழக்கத்தில் எதிர்பார்க்கத்தக்க அளவை மீறி, ஏக்கம் கொஞ்சமும் தணியாமல் வேலை, வீடு எதையும் பார்க்கவிடாமல் முடக்கிப்போட்டால்தான் அந்தப் பெயர் பொருந்தும். அப்போது மனநல மருத்துவரைப் பார்ப்பதில் தயக்கம் வேண்டாம். ஆனால் நாமும் போய்விடலாமே என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் ஆறு மாதக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள். இந்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸின் இலவச எண் 14416, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

இனி அந்தத் தூக்குப்போசி. வாங்கின பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது, கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுக் கொடுக்க வேண்டும் என்று உங்கள் அம்மாவும் சொல்லி வளர்த்திருப்பார். சேலை, வெள்ளிக் கிண்ணம் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; என் சுங்குடிச் சேலைக்கு நேர்ந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நார்த்தங்காய் ஜாடியைத் திறங்கள். தனியாகத் திறக்க முடியாவிட்டால் அண்ணனை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டு, அவர் இருக்கும்போது திறங்கள். அவருக்கும் தயிர் சாதத்தோடு அது வேண்டியிருக்கும். மாலையில் உங்கள் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தவருக்கு அந்த ஊறுகாயின் பக்குவத்தைப் பற்றித் தெரியாமலா இருக்கும்? காய்ந்த கரண்டியால் நாலு துண்டு எடுத்துத் தூக்கில் போட்டு, காபி நேரத்துக்கு எதிர்க்கதவைத் தட்டுங்கள். எவர்சில்வரில் உப்பும் புளிப்பும் அதிக நேரம் கிடந்தால் கறை பிடிக்கும். போட்ட கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.